கிழ நட்சத்திரங்களும் ஒரு போஸ்ட் கார்டும்

ஒரு மாதத்துக்கு முன் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்தேன். 'நட்சத்திரங்களும் நம்மைப் போலத்தான். சின்ன வயசில் கிறுகிறுவென்று சுற்றும். வயசானால் வேகம் குறைந்து ஈஸிசேரில் சாய்ந்துவிடும்.' எழுதும்போது அந்த ஈஸிசேர் ரொம்பப் பொருத்தமாகப் பட்டது. மனசுக்குள் எனக்கு நானே ஒரு சபாஷ் கூடப் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் கும்பகோணத்திலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. (இந்தக் காலத்திலும் கார்டில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்து. இடம் போதாமல் விலாசத்தின் மேலேயே ஏறி, தலைகீழாகத் திரும்பி, ஸ்டாம்புக்கு அடியில் போய் முடிந்திருந்தது.) எழுதியவர் தபால் இலாகாவில் ரிட்டயர் ஆனவர். வயது 76. 'ஐயா, வயதானால் சுற்றாது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா நட்சத்திரத்தையும் விசாரித்தீர்களா? அல்லது கிழங்கள்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று எழுதிவிட்டீர்களா? அடியேன் தினம் எட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறேன்.'

சுருக்கென்றது. விசாரிக்கவில்லை என்பதுதான் உண்மை. எங்கேயோ படித்தது, கையில் வந்தது, எழுதிவிட்டேன். இப்போதாவது விசாரிப்போம் என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்துக்காரர் பாதிக்கு மேல் ஜெயித்துவிட்டார்.

முதலில் என் கட்சிக்குச் சாதகமான சாட்சியங்கள். சூரியன் சுற்றுகிறது. 1611, 1612 வாக்கில், டெலஸ்கோப் வந்த புதிதிலேயே, அதன் முகத்தில் இருக்கும் புள்ளிகள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்வதை வைத்து ஃபாப்ரிஷியஸ், கலிலியோ போன்றவர்கள் கண்டுபிடித்தார்கள். நம் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்திலும் இந்தப் புள்ளிகளை நூறு வருஷத்துக்கு மேல் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சூரியனின் இடுப்பு ஒரு தரம் சுற்றிவர சுமார் 25 நாள் ஆகிறது. இடுப்புச் சுற்றளவு 44 லட்சம் கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், விநாடிக்கு இரண்டு கிலோமீட்டர். அவ்வளவு பெரிய ஆளுக்கு இது நடை, ஓட்டம் அல்ல.

சின்ன வயசு நட்சத்திரங்கள் இதைவிட வேகம். 1972ல் ஆண்ட்ரூ ஸ்குமானிச் என்பவர் ஒரு சின்னக் கட்டுரையில் கார்த்திகைக் கூட்டம், ரோகிணியை ஒட்டித் தெரியும் ஹையடீஸ் கூட்டம், நம் சூரியன் எல்லாவற்றையும் வயது வரிசையில் நிறுத்திப் பார்த்தார். ஒரு கணக்கு விழுந்தது. வயது நாலு மடங்கானால் வேகம் பாதியாகும். இதை வைத்துக்கொண்டு நட்சத்திரத்தின் சுழற்சியைப் பார்த்து வயசு சொல்கிறார்கள். கைரேகையைவிட நம்பகமான ஜோசியம்.

ஏன் குறைகிறது? ஆகாயத்தில் உராய்வு கிடையாதே?

இதை விளக்குவதற்காக எங்கள் ஆபீசில் ஒரு பரிசோதனை நடந்தது. லஞ்ச் டயத்தில் பக்கத்து சீட் தம்பியைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தேன். இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

"கையை நல்லா நீட்டிக்கோ. சுத்தி விடப்போறேன்."

"சார், சாப்ட்டு பத்து நிமிஷம்கூட ஆகலை."

"விஞ்ஞானத்துக்காகப்பா."

சுற்றிவிட்டேன். "இப்ப கையை மடக்கி நெஞ்சோட வை." வைத்தான். நாற்காலி சட்டென்று வேகம் எடுத்தது. "நீட்டு!" மந்தமானது. இது ஸ்கூலில் படித்ததுதான், கோண உந்தம் என்று பேர். எடை நடுவே வந்தால் வேகம் கூடும், விலகிப் போனால் குறையும். இனிமேல்தான் முக்கியமான கட்டம். "நீட்டின கையிலேயே பாட்டிலை விட்டுடு, அப்புறம் கையை மடக்கு" என்றேன். விட்டான். மடக்கினான். பழைய வேகம் திரும்பவே இல்லை. வேகத்தைப் பாட்டில்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டன. ஒரு பாட்டில் கேஷியர் மேஜைக்கு அடியில் போயிற்று. மற்றது எங்கே போயிற்று என்பதை மேனேஜர் தன் அறையிலிருந்து வந்து சொன்னார்.

சூரியன் செய்வதும் இதுதான். அதன் மேல்பரப்பிலிருந்து விநாடிக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு காற்றாகக் கிளம்பிப் போகிறது. சூரியனின் மொத்த எடைக்கு முன்னால் இது தூசு. ஆனால் காந்தப் புலம் அந்தக் காற்றை உடனே விடுவதில்லை. நீட்டிய கை மாதிரி, சூரிய ஆரத்தைப் போல் பத்து இருபது மடங்கு தூரம் வரை பிடித்து இழுத்துக்கொண்டே போய் அங்கேதான் கைவிடுகிறது. கொஞ்சம் எடைதான் போகிறது, ஆனால் நிறையச் சுழற்சியைத் தூக்கிக்கொண்டு போகிறது. 1962ல் எவ்ரி ஷாட்ஸ்மன் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்ன விளக்கம் இது. காந்த பிரேக்.

ஆக என் ஈஸிசேருக்கு நியாயம் இருந்தது. இருந்தது என்று இறந்த காலத்தில் சொல்கிறேன், கவனியுங்கள். 2016ல் ஜெனிஃபர் வான் சேடர்ஸ் என்பவரும் கூட்டாளிகளும், கெப்ளர் விண்கலம் பார்த்த, வயது சரியாகத் தெரிந்த நட்சத்திரங்களை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். வயதில் மூத்தவை ஸ்குமானிச் கணக்குப்படி இருக்கவேண்டியதைவிட வேகமாகச் சுற்றின. வாழ்நாளில் பாதி தாண்டியதும் பிரேக் தளர்ந்துவிடுகிறது என்கிறார்கள். கும்பகோணத்துக்கு முதல் பாயிண்ட்.

ஆனால் இவை எல்லாம் நடுத்தர வயசு. கார்டுக்காரர் கேட்டது கிழங்களைப் பற்றி. நிஜமான கிழங்களைப் பார்க்க வேண்டுமென்றால் முதியோர் இல்லத்துக்குத்தான் போகவேண்டும்.

குளோபுலர் கிளஸ்டர் என்பார்கள், தமிழில் கோளக்கொத்து. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் தேனடைத் தேனீக்களைப் போல உருண்டையாக மொய்த்துக்கொண்டிருக்கும். நம் பால்வெளி மண்டலத்தில் நூற்றைம்பதுக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றின் வயது 1,100 கோடியிலிருந்து 1,300 கோடி வருஷம். பிரபஞ்சத்துக்கே 1,380 கோடிதான். நம் சூரியன் 460 கோடி, இவர்களுக்கு முன்னால் பொடிப்பயல். இங்கே குண்டு நட்சத்திரங்கள் எல்லாம் ஆடித் தீர்த்து எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. சூரியனில் முக்கால் பங்கு, எண்பது சதவிகிதம் எடையுள்ள சிக்கனக்காரர்கள் மட்டும் பாக்கி.

இதில் பிரபலமானது எம்13. ஹெர்குலிஸ் ராசி மண்டலத்தில் இருக்கிறது. 1714ல் எட்மண்ட் ஹாலி, அதே வால்நட்சத்திர ஹாலிதான், பார்த்துக் குறித்துவைத்தார். தூரம் சுமார் 25,000 ஒளியாண்டு. 1974ல் அரெசிபோ ரேடியோ டெலஸ்கோப்பிலிருந்து இந்தக் கூட்டத்தை நோக்கித்தான் மனிதகுலம் ஒரு தந்தி அடித்தது. போய்ச் சேர 25,000 வருஷம், பதில் வர இன்னொரு 25,000. அனுப்பிய டெலஸ்கோப் 2020ல் இடிந்தே விழுந்துவிட்டது. தபால் தாமதம் பற்றிக் குறை சொல்லும் அன்பர்கள் யோசிக்கவும்.

"சார், ஒரு சந்தேகம்" என்றான் தம்பி, தலைசுற்றல் தெளிந்த பிறகு. "சூரியன்ல புள்ளி இருக்கு, நகருது, சரி. அவ்வளவு தூரத்து நட்சத்திரம் டெலஸ்கோப்புல பாத்தாலும் ஒரு புள்ளிதானே? புள்ளி சுத்துதுன்னு எப்படி சார் தெரியும்?"

நல்ல கேள்வி. 1877லேயே வில்லியம் ஆப்னி என்ற ஆங்கிலேயர் வழி சொல்லிவிட்டார். நட்சத்திர வெளிச்சத்தை வானவில்லாகப் பிரித்தால் நடுநடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். இரும்பு, கால்சியம் என்று ஒவ்வொரு தனிமமும் தன் கோட்டைத் தன் இடத்தில் போடும். நட்சத்திரம் சுற்றும்போது அதன் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மறு விளிம்பு விலகிப் போகிறது. எதிரே வரும் லாரியின் ஹாரன் உச்சத்திலும் கடந்து போனதும் இறங்கியும் கேட்குமே, அதே டாப்ளர் சமாசாரம். வருகிற பக்கத்துக் கோடு கொஞ்சம் நீலத்தின் பக்கம் நகரும், போகிற பக்கத்துக் கோடு சிவப்பின் பக்கம். நமக்கு எல்லாம் சேர்ந்தே வருவதால் கோடு இரண்டு பக்கமும் இழுபட்டுத் தடித்துப்போகிறது. பஜனை கோஷ்டியில் எல்லோரும் ஒரே சுருதியில் பாடினால் கணீரென்று இருக்கும். ஆளுக்கு ஒரு மயிரிழை ஏற்றி இறக்கினால் கொழகொழவென்று ஆகுமில்லையா, அது மாதிரி. எவ்வளவு கொழகொழப்போ அவ்வளவு சுழற்சி.

இதை முறையாக நிறைய நட்சத்திரங்களுக்குச் செய்து 1929ல் எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓட்டோ ஸ்ட்ரூவே, ரஷ்யப் புரட்சியில் வெள்ளைப் படையில் சண்டை போட்டுத் தோற்று அகதியாகி அமெரிக்கா போனவர். மற்றவர் கிரிகோரி ஷாயின், சோவியத் நாட்டிலேயே இருந்து கிரிமியாவில் வேலை பார்த்தவர். இரண்டு பேரும் கடிதத்திலேயே சேர்ந்து வேலை செய்தார்கள். (மறுபடியும் தபால்!) இந்த ஸ்ட்ரூவேதான் பிற்பாடு யெர்க்ஸ் ஆய்வுக்கூடத்தின் டைரக்டராக இருந்து, நம் சந்திரசேகரை அங்கே வேலைக்கு அழைத்துக்கொண்டவர்.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு பாருங்கள். இறக்கை எதுவும் உங்களிடம் வரவும் இல்லை, போகவும் இல்லை. நட்சத்திரத்தின் துருவம் நம்மைப் பார்த்திருந்தால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கோடு தடிக்காது. ஆகையால் அளந்து சொல்லும் வேகம் எல்லாமே 'குறைந்தபட்சம் இவ்வளவு' என்று அர்த்தம்.

அடுத்த கஷ்டம், கோளக்கொத்தில் சாதாரண நட்சத்திரம் ரொம்ப மங்கல். விநாடிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகம் என்றால் கோடு நகர்வது ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. 2003ல் சிலி நாட்டு மலைமேல் உள்ள எட்டு மீட்டர் டெலஸ்கோப்பை வைத்து, இன்னும் ராட்சதராகாத கொத்து நட்சத்திரங்களை அளந்து பார்த்தார்கள். விநாடிக்கு ஒரு சில கிலோமீட்டர்தான். நிஜமான சோம்பேறிகள். ஈஸிசேர் மறுபடி என் பக்கம் நகர்ந்தது.

ஆனால் அதற்கு வெகு முன்பே, 1980களில், ரூத் பீட்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி அதே கூட்டங்களில் வேறு ஒரு ஜாதி நட்சத்திரங்களை அளந்திருந்தார். அவை இரண்டாவது இன்னிங்ஸ் ஆடுகிறவை.

கதை இப்படி. ஹைட்ரஜன் மையத்தில் தீர்ந்ததும் நட்சத்திரம் வீங்குகிறது. பத்து மடங்கு, ஐம்பது மடங்கு, கடைசியில் நூறு மடங்குக்கும் மேல். சிவப்பு ராட்சதன். அந்தச் சமயத்தில் மேல் சதையையும் நிறைய ஊதித் தள்ளிவிடும். பிறகு ஒரு நாள் உள்ளே ஹீலியம் பற்றிக்கொள்கிறது. உடனே சுருங்கிச் சூடேறி, நீல வெள்ளையாகி, சுமார் பத்து கோடி வருஷத்துக்கு அமைதியாக எரிகிறது. நிறத்தையும் பிரகாசத்தையும் வைத்துப் படம் போட்டால் இந்த நட்சத்திரங்கள் படுக்கைவாட்டில் வரிசையாக விழும். அதனால் ஹாரிஸாண்டல் பிராஞ்ச், கிடைக்கிளை என்று பேர். ரிட்டயர் ஆனபின் கன்ஸல்டண்ட்டாகத் திரும்ப வருகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எவ்வளவு வேகமாகச் சுற்றவேண்டும்? நாமே போடலாம் கணக்கு. ஆரம்பத்தில் தாராளமாக விநாடிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வையுங்கள். வீங்கும்போது குறைகிறது, சுருங்கும்போது கூடுகிறது, வரவும் செலவும் சரி. ஆனால் முன்பிருந்த பருமனுக்குத் திரும்பவில்லை, இப்போது மூன்று மடங்கு பெரிசு. ஆகவே ஒரு கிலோமீட்டர். அது போக, நடுவில் உதறிவிட்ட மேல் சதை தன் பங்குச் சுழற்சியையும் கொண்டுபோய்விட்டது, பாட்டிலை மறக்காதீர்கள். ஒன்றுக்கும் கீழே. ஏறக்குறைய நின்றுபோயிருக்க வேண்டும்.

பீட்டர்சன் எம்13ல் அளந்தபோது சிலவற்றில் விநாடிக்கு 40 கிலோமீட்டர் வந்தது! 1995ல் தன் கூட்டாளிகளோடு மறுபடி எழுதியபோதும் 40. சூரியனைப் போல் மூன்று மடங்கு பருமனுள்ள ஒரு கிழம் நாலே நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது. சூரியனுக்கு 25 நாள்.

கார்டை எடுத்து மறுபடி படித்தேன். 'தினம் எட்டு கிலோமீட்டர்.'

சரி, இந்த வேகம் எங்கிருந்து வந்தது? வருமானத்துக்கு மேல் சொத்து சேர்த்த கேஸ் மாதிரி இதைப் பலர் விசாரித்திருக்கிறார்கள்.

முதல் சந்தேகம், உள்ளேயே ஒளித்துவைத்திருந்தது என்பது. காந்த பிரேக் பிடித்தது மேல்பரப்பை மட்டும்தான். ஆழத்தில் மையப் பகுதி சின்ன வயசு வேகத்தை விடாமல் தனியாகச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டில் அப்பா சாதுவாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், பீரோவில் யாருக்கும் தெரியாத ஒரு பாஸ்புக் இருக்கும், அந்த மாதிரி. சிவப்பு ராட்சதனாகி மேல் சதையை உதறிய பிறகு, உள்ளே இருந்த சேமிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. 1991ல் பின்ஸனால்ட், டெலியானிஸ், டெமார்க் மூவரும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

பிரமாதம் என்று நினைக்கும்போது சூரியன் குறுக்கே வந்து கெடுத்தது. சூரியன் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் என்கிற தாளத்தில் லேசாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. பூகம்ப அலையை வைத்துப் பூமியின் உள்ளே பார்ப்பது போல இந்தத் துடிப்பை வைத்து சூரியனின் உள்ளே பார்க்கலாம். அதற்காக 1995ல் உலகத்தைச் சுற்றி ஆறு இடங்களில் ஒரே மாதிரிக் கருவிகள் இயங்க ஆரம்பித்தன. ஒன்று நம் உதய்பூரில். பார்த்தால், சூரியனின் ஆழத்தில் ரகசியக் கணக்கு எதையும் காணோம்! கண்ணுக்கு எட்டிய ஆழம் வரை உள்பகுதி ஒரே கட்டியாக, ஏறக்குறைய மேல்பரப்பின் வேகத்திலேயேதான் சுற்றுகிறது. நட்ட நடு மையம் மட்டும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. நம் சூரியனில் இல்லாத பாஸ்புக் எம்13க்கு மட்டும் எப்படி வந்தது?

இரண்டாவது சந்தேகம், முழுங்கியது. ராட்சதனாக வீங்கும்போது பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வியாழன் அளவு கிரகத்தை நட்சத்திரம் அப்படியே விழுங்கியிருந்தால், அந்தக் கிரகத்தின் சுழற்சி எல்லாம் இதன் கணக்கில் வரவு ஆகிவிடும். அழகான யோசனை. அப்படியானால் கோளக்கொத்துகளில் கிரகங்கள் இருக்கவேண்டும். 1999ல் ஹப்பிள் டெலஸ்கோப் 47 டுகானே என்கிற கூட்டத்தில் 34,000 நட்சத்திரங்களை எட்டு நாளுக்கு மேல் விடாமல் முறைத்துப் பார்த்தது. நம் பக்கத்து விகிதப்படி பதினேழு கிரகமாவது அகப்பட்டிருக்கவேண்டும். அகப்பட்டது பூஜ்யம். தாய் நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு சுற்றும் கிரகங்களைத்தான் அதில் பிடிக்கமுடியும், தள்ளி நிற்பவை தப்பியிருக்கலாம். இருந்தாலும் இந்தக் கட்சிக்கு அதன் பிறகு அவ்வளவு கூட்டம் சேரவில்லை.

பிறகு பாஸ்புக் கட்சிக்கே ஒரு பலமான சாட்சி கிடைத்தது. 2012ல், கெப்ளர் பார்த்த சிவப்பு ராட்சதர்களின் துடிப்பை ஆராய்ந்த பால் பெக்கும் கூட்டாளிகளும், மையம் மேல்பரப்பைவிடக் குறைந்தது பத்து மடங்கு வேகமாகச் சுற்றுவதாகக் கண்டுபிடித்தார்கள். ஆக சேமிப்பு நிஜம். ஆனால் கணக்குப் போட்டு எதிர்பார்த்ததைவிடத் தொகை ரொம்பக் குறைவு. உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே ஏதோ ஒரு கசிவு இருக்கிறது. மையம் தன் சுழற்சியை மேல் அடுக்குகளுக்கு எப்படியோ தவணை முறையில் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. எந்த வழியாக என்பதில் இன்றைக்கும் அடிதடி.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். 2000ல் பிராட்ஃபோர்ட் பேரும் கூட்டாளிகளும் ஹவாய்த் தீவில் உள்ள பத்து மீட்டர் கெக் டெலஸ்கோப்பை எம்13 பக்கம் திருப்பி, கிடைக்கிளை நட்சத்திரங்களை வெப்ப வரிசையில் அளந்தார்கள். 11,000 டிகிரிக்குக் கீழே வேகமான ஆசாமிகள் இருக்கிறார்கள், 40 வரைக்கும். 11,000 டிகிரியைத் தாண்டினால் ஒருத்தர்கூடப் பத்து கிலோமீட்டரை எட்டவில்லை. நடுவில் கோடு கிழித்த மாதிரி. அடுத்தடுத்த வருஷங்களில் எம்15, எம்79 போன்ற வேறு கூட்டங்களைப் பார்த்தார்கள். அங்கேயும் அதே கோடு.

ஒரே கூட்டம், ஒரே வயது, ஏறக்குறைய ஒரே எடை. ஏன் இப்படி?

கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறொரு விபரீதமும் நடக்கிறது. அங்கே மேல்பரப்பு கலக்கமே இல்லாமல் தேங்கி நிற்பதால் ஹீலியம் அடியில் மூழ்கிவிடுகிறது. இரும்பு போன்ற கனமான சரக்கை வெளிச்சத்தின் அழுத்தமே மேலே தூக்கிவிடுகிறது. பிறவியில் இரும்புச் சத்துக் குறைந்த ஏழை நட்சத்திரம், முகத்தில் மட்டும் சூரியனுக்கு நிகராகவும் அதற்கு மேலும் இரும்பைப் பூசிக்கொண்டு நிற்கிறது. இப்படி அடுக்கு பிரிந்துபோனதே ஒரு சுவர் மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் சுழற்சியை மேலே வரவிடாமல் தடுக்கிறது என்பது ஸில்ஸ், பின்ஸனால்ட் இருவரின் யோசனை. உள்ளே சுற்றிக்கொண்டுதான் இருக்கும், நமக்குத் தெரியாது. இல்லை, அந்தப் பூசிய இரும்பே மறுபடி ஒரு காற்றைக் கிளப்பிச் சுழற்சியை வெளியே கொண்டுபோய்விடுகிறது என்கிறார்கள் இன்னும் சிலர். முதல் கட்சி சொன்னால் கிழவரிடம் பணம் இருக்கிறது, பீரோ சாவிதான் தொலைந்துவிட்டது. இரண்டாவது கட்சி சொன்னால் பணமே போய்விட்டது. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு பேரும் ஈஸிசேரில் சாய்ந்தவர்கள் மாதிரிதான் தெரிவார்கள்.

இந்த முதியோர் இல்லத்தில் வேறு சில பேர்வழிகளும் உண்டு. 1953ல் ஆலன் ஸாண்டேஜ் எம்3ல் கண்டுபிடித்த 'நீல ஸ்ட்ராக்லர்கள்', கூட்டாளியின் சரக்கை உறிஞ்சியோ மோதிச் சேர்ந்தோ இளமை திரும்பியவை. தலைக்கு டை அடித்த கிழங்கள். 1997ல் 47 டுகானேயில் ஒன்றை அளந்தபோது விநாடிக்கு 155 கிலோமீட்டர் வாக்கில் வந்தது. 2023ல் எட்டுக் கூட்டங்களில் இப்படிப்பட்ட 320 நட்சத்திரங்களை அளந்தவர்கள், நெரிசல் குறைந்த கூட்டங்களில்தான் வேகமானவை அதிகம் என்று எழுதினார்கள். டவுனைவிடக் கிராமத்துக் கிழவர்கள் திடகாத்திரம்.

எல்லோருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். டெர்ஸான் 5 என்கிற கோளக்கொத்தில் ஒரு பல்ஸார், அதாவது செத்துப்போன நட்சத்திரத்தின் கெட்டியான மிச்சம். விட்டம் ஒரு ஊர் அளவுதான். 2004ல் கண்டுபிடித்து 2006ல் வெளியிட்டார்கள். விநாடிக்கு 716 சுற்று. கிலோமீட்டர் இல்லை, சுற்று! மிக்ஸியைவிட வேகம். இது சொந்த சம்பாத்தியம் இல்லை, ஜோடி நட்சத்திரத்திடமிருந்து பிடுங்கியது. இன்றைக்கு நமக்குத் தெரிந்த பல்ஸார்களில் இதை மிஞ்சியது கிடையாது. அது இருக்கும் இடம் கோளக்கொத்து. இளவட்டங்கள் இருக்கும் பேட்டை அல்ல.

இத்தனையும் படித்து முடித்தபோது ராத்திரி ஒன்றரை மணி. கும்பகோணத்துக்குப் பதில் எழுத ஒரு கார்டு எடுத்தேன். இரண்டு மூன்று தரம் ஆரம்பித்து அடித்தேன். கடைசியில் இதைத்தான் எழுதினேன்:

'ஐயா, நமஸ்காரம். விசாரிக்காமல் எழுதியது தப்பு. எம்13ல் நாலு நாளைக்கு ஒரு சுற்று சுற்றும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பார்க்க ஆசைப்பட்டால், எம்13க்கு பைனாகுலர் வேண்டும். அது இல்லாமல் வெறும் கண்ணுக்கே தெரிகிற கோளக்கொத்து ஒன்று இருக்கிறது, ஒமேகா சென்டாரி. 17,000 ஒளியாண்டு தூரம், சுமார் ஒரு கோடி நட்சத்திரம். டாலமி காலத்திலிருந்து ஒற்றை நட்சத்திரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள், 1677ல் ஹாலிதான் பார்த்து இல்லை என்றார். லண்டனிலிருந்து தெரியாது, அதற்காக அவர் ஸெயிண்ட் ஹெலினா தீவுக்குக் கப்பல் ஏறவேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. மே மாதம் ராத்திரி பத்து மணி சுமாருக்குத் தெற்கே பாருங்கள், அடிவானத்துக்கு முப்பது டிகிரி மேலே, கலங்கிய பஞ்சுப் புள்ளி மாதிரி இருக்கும். நிலா இல்லாத நாளாக, டவுன் வெளிச்சம் படாத இடமாக இருக்கவேண்டும். எப்படியும் எட்டு கிலோமீட்டர் போகிறீர்கள்.'

எழுதி முடித்தபோது எனக்கும் விலாசத்தின் மேலே ஏறவேண்டியதாயிற்று.

மறுநாள் ஆபீசில் தம்பி கார்டை வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாம் சரி சார், அந்த ஈஸிசேர் வரியை என்ன பண்ணப்போறீங்க?" என்றான்.

வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஈஸிசேரை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ரெண்டு ராத்திரி தூங்கவில்லை.